கடலுக்குப் போகலாமா அக்கா?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: நண்பர்களோடு, கையில் இருக்கும் காசுக்குள், இலங்கைக்குப் போய் சர்ஃபிங் செய்வது எப்படி? எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, டயர் கடைக் கணக்கு மேசையிலிருந்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் நான்கு பேர், ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை, ஒருவனுக்குச் செம்பனைக் குத்தகை, நான் லாரி ஓட்டுகிறேன். போன டிசம்பரில் கிழக்குக் கரையில் இருக்கும் செராத்திங் போய்ப் பலகைமேல் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டோம். ஜூலையில் 10 நாள் லீவு கிடைக்கும். ஆளுக்கு 2,500 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறோம். இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாக் கடற்கரையிலும் அலை பிடிக்க ஆசை. முடியுமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, தாராளமாகப் போகலாம். சுற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இலங்கைக்கு இரண்டு சர்ஃபிங் பருவங்கள் இருக்கின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் தென்மேற்கும்: ஹிக்கடுவை, மிதிகம, வெலிகம, மிரிஸ்ஸ. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு: பொத்துவில், அறுகம்பை. நீங்கள் போகும் ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வெலிகமப் பக்கம் கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். அலை கலைந்து கொந்தளிப்பாக இருக்கும். அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக் கரைக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடலிலிருந்து வரும் அலையின் முகத்தை அது நிமிர்த்திப் பிடிக்கும். அலை உடனே சரிந்துவிடாமல் ஓரமாக உடைந்துகொண்டே போகும். நீங்கள் அந்த ஓரத்தில்தான் ஓடப்போகிறீர்கள்.

அலை எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூலையில் தென்துருவப் பக்கம் குளிர்காலம். அங்கே கிளம்பும் புயல்கள் எழுப்பும் அலைகள் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே ஓடிவந்து, அறுகம்பை முனையில் மோதி வளைந்து, வலப்பக்கமாக நீளமாக உடைகின்றன. நம் லுமுட், தெலுக் பாத்திக் பக்கம் இப்படி ஓர் அலையைப் பார்க்கவே முடியாது. சுமத்திரா பெரிய மதில்போல் குறுக்கே படுத்திருக்கிறது. அதனால்தான் மேற்குக் கரைப் பிள்ளைகளாகிய நாம் பலகையைத் தொடுவதற்கே மலையைத் தாண்டிச் செராத்திங் போக வேண்டியிருக்கிறது. அங்கே அலை வருவது வடகிழக்குப் பருவக்காற்றில், நவம்பரிலிருந்து மார்ச் வரை. டிசம்பரில் செராத்திங், ஜூலையில் அறுகம்பை என்ற உங்கள் வரிசை மிகச் சரி.

இனி வழி. கொழும்பில் இறங்கியதும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இரவு பஸ். மலிவு, ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். இன்னொன்று, கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் மட்டக்களப்பு போய், அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்குவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் வாவியும். வழியெல்லாம் தமிழ். பஸ் கண்டக்டரிடம் தமிழில் பேசலாம், கடையில் தமிழில் விலை கேட்கலாம், பள்ளிவாசல் பக்கத்து ஹோட்டலில் “எங்கேயிருந்து வாறீங்க?” என்று கேட்டு இடியப்பமும் சொதியும் வைப்பார்கள். உங்களுக்குச் சாலைப் பயணம் வேண்டுமென்றால் இந்தக் கரையே போதும். ரயில் ஓடும் நாளையும் நேரத்தையும் மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுகம்பை சேர்ந்ததும் அங்கேயே தங்கிவிடுங்கள். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். சின்னச் சம்பளத்தில் போகிறவர்களின் பணத்தைத் தின்பது அறையோ சாப்பாடோ இல்லை. தினம் ஓர் ஊருக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டம். ஒரே வீட்டில் ஒரு வாரத்துக்கு அறை எடுத்தால் வாடகையைப் பேசிக் குறைக்கலாம். பலகையையும் வாரத்துக்கு எடுக்கலாம். அதைவிடப் பெரிய லாபம், ஒரே அலையைத் தினமும் பார்ப்பீர்கள். நீர் ஏறும்போது எங்கே உடைகிறது, இறங்கும்போது எந்தப் பாறை தலைகாட்டுகிறது என்று மூன்றாம் நாள் உங்களுக்கே தெரியும். ஊர் ஊராக ஓடுகிறவனுக்கு அந்த அறிவு கிடைக்காது.

ஒரு டிசம்பர் மட்டும் கற்றவர்கள் முதல் நாளே மெயின் பாயிண்ட் என்ற முக்கிய அலை உடையும் இடத்துக்குப் போகாதீர்கள். அங்கே அடியில் பாறை. தண்ணீரில் தேர்ந்தவர்கள் கூட்டம். வளைகுடாவுக்குள்ளே இருக்கும் பேபி பாயிண்டில் தொடங்குங்கள். அப்புறம் வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீனட் ஃபார்ம், எலிஃபண்ட் ராக். எல்லாமே ஓட்டோவில் போய்வரும் தூரம்தான். கூரைமேல் பலகைகள் என்று முதலிலேயே ஓட்டோக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். விடியும் முன் எழுந்து போங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் கடற்காற்று ஏறி அலையைக் கெடுக்கும், கூட்டமும் சேர்ந்துவிடும். மதியம் தூங்குங்கள். மாலையில் காற்று தணிந்தால் இன்னொரு முறை இறங்கலாம்.

2,500 வெள்ளி போதும், விமான டிக்கெட்டை இப்போதே எடுத்தால். ஜூலை நெருங்க நெருங்க அதுதான் ஏறும். சாப்பாட்டை, உணவுப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் கடற்கரைக் கடைகளில் வைத்துக்கொள்ளாமல் பொத்துவில் டவுனில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சோறும் கறியும், இரவு கொத்து ரொட்டி, நடுவில் பிளேன்டீ. கடலில் இறங்கும் உடம்புக்குச் சோறு வேண்டும், பட்டினி போட்டுக் காசு சேர்க்காதீர்கள். விசா விஷயத்துக்கு இலங்கை அரசின் ஈடிஏ (மின்னணுப் பயண அனுமதி) இணையதளத்தை மட்டும் பாருங்கள். அதே பெயரில் காசு பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு.

கேள்வி: செராத்திங்கில் பழைய பலகை ஒன்றை மலிவாக வாங்கினேன். அதை விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: வேண்டாம். மலிவு விமானங்களில் பலகைக்குத் தனிக் கட்டணம். போகும்போதும் வரும்போதும் கட்ட வேண்டும். உடைந்தால் உங்கள் தலையில். அறுகம்பையில் வாடகைப் பலகைகள் வரிசையாக நிற்கும். எட்டடி மென்பலகை (மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் பலகை) கேளுங்கள். வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே பலகையில் இருக்கும் கீறல்களைக் கைப்பேசியில் படமெடுத்து, கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். காலில் கட்டும் கயிறு பிய்ந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை: நீண்ட கை ரேஷ்கார்ட் (உடம்போடு ஒட்டியிருக்கும் கடல் சட்டை), முகத்துக்குத் துத்தநாகம் கலந்த வெயில் களிம்பு, காயத்துக்குக் கிருமிநாசினி. கடல்நீர் அங்கே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ரப்பர் உடுப்பு தேவையில்லை.

கேள்வி: நண்பர்களோடு பயணம் போனால் காசு விஷயத்தில் கடைசியில் மனக்கசப்பு வந்துவிடுகிறது. போன வருடம் தாய்லாந்து போய் வந்ததிலிருந்து எங்களில் இருவர் பேசுவதில்லை. ஒருவன் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறான், ஒருவனுக்கு நாள் கூலி. எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், குளுவாங்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேறு வேறு சம்பளத்துக்குப் போன பிறகு வரும் சங்கடம் இது. இதை மறைத்துவைத்தால்தான் வளரும்.

பயணத்தின் அளவை, உங்களில் குறைவாகச் சம்பாதிக்கிறவர் தீர்மானிக்கட்டும். “உன்னால் எவ்வளவு முடியும்?” என்று எல்லார் முன்னாலும் அவரைக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த தொகையைத் துண்டுச்சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுங்கள். இருப்பதில் சிறிய தொகைதான் அந்தப் பயணத்தின் தொகை. சிங்கப்பூர்க்காரர் கூடுதலாகச் செலவழிக்க விரும்பினால் அது அவருடைய சொந்தக் காசு, சொந்த ஆசை. குளிர்சாதன அறையில் தனியாகத் தூங்கட்டும், தப்பில்லை. ஆனால் “நான் கொடுக்கிறேன், எல்லாரும் வாங்க” என்று பெரிய ஹோட்டலுக்கு இழுத்துப் போகக் கூடாது. வாங்கிக்கொள்கிறவரின் மனம் அங்கேதான் புண்படுகிறது.

அறை, ஓட்டோ, பஸ், சாப்பாடு நான்குக்கும் ஒரு பொதுப் பை. புறப்படும் முன்பே எல்லாரும் சமமாகப் போட்டுவிட வேண்டும். ஒருவர் வைத்திருந்து, இரவு தூங்கும் முன் மீதியை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். மருத்துவச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாகக் கட்டி வையுங்கள். யார் காலில் பாறை கிழித்தாலும் அதிலிருந்து எடுக்கலாம், கேட்டு நிற்க வேண்டியதில்லை. பலகை உடைந்தால் யார் காசு என்பதையும் இங்கேயே பேசிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் பாதி உடைத்தவர், பாதி பொதுப் பை.

அப்புறம், பேசாமல் இருக்கும் அந்த இருவரையும் இந்தப் பயணத்துக்குக் கூப்பிடுங்கள். இரண்டு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரச் சர்ஃபர்கள் நம்மை அலை பிடிக்க விடமாட்டார்களாமே?
– வாசகர், பீடோர்

பதில்: அலை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் தண்ணீருக்குள் ஒரு முறை இருக்கிறது, அது உலகம் முழுக்க ஒன்றுதான். அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அந்த அலை அவருடையது. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் குறுக்கே இறங்கக் கூடாது. திரும்பி உள்ளே துழாவிப் போகும்போது அலை ஓடும் பாதைக்குள் போகாமல் சுற்றிப் போக வேண்டும். விழுந்தால் பலகையை உதறிவிட்டு நீந்தக் கூடாது. பின்னால் இருப்பவர் முகத்தில் அடிக்கும். தவறினால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேளுங்கள். இவ்வளவும் செய்தால் நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மரியாதை கிடைக்கும். முதலில் ஊர்ப் பையன்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அந்தக் கடலை நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர்கள்.

கேள்வி: இலங்கையில் வாடகை ஆட்டோவை நாமே ஓட்டலாம் என்று கேள்விப்பட்டேன். நான் இங்கே கார் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். போதுமா?
– வாசகி, பாகான் செராய்

பதில்: போதாது தங்கச்சி. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுங்கள். அதோடு இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியும் வேண்டும். வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் அதை வாங்கித் தரும். எழுத்தில் கையில் வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் விபத்தானால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது நமக்கு வசதி. விரைவுச் சாலையில் மூன்று சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பலகைகளைக் கூரையில் கட்டும்போது முனை முன்னால் நீட்டாமல், இரண்டு பட்டையால், பலகைக்கு அடியில் துணி வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பட்டையை இழுத்துப் பாருங்கள். சக்கரக் காற்றையும் பாருங்கள். நான்கு பேர், பலகை, மூட்டை என்றால் அந்தச் சின்ன டயருக்குப் பெரிய சுமை. டயர் கடைக்காரி சொல்கிறேன், தேய்ந்த டயர் இருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

இருட்டியபின் ஓட்டவே கூடாது. மொனராகலையிலிருந்து பொத்துவில் வரும் சாலை லாகுகலைத் தேசியப் பூங்கா வழியாக வருகிறது. அறுகம்பையிலிருந்து பாணமை, உகந்தை போகும் சாலையும் காட்டோரம்தான். இரண்டிலும் காட்டு யானை நிற்கும். கிரிக்கில் செம்பனைக்குள் யானை வந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் பார்த்தாலும் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வேலை செய்யும் இடத்து நண்பர்களோடு, ஆண் பிள்ளைகளும் சேர்ந்து, இந்தப் பயணம் போகிறேன் என்கிறாள். கோத்தா கோலா மூடாவில் 2004 சுனாமியை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கடல் என்றாலே எனக்கு வயிறு கலங்குகிறது. தடுக்கவா, அனுப்பவா?
– ஒரு தாய், சுங்கை பட்டாணி

பதில்: அம்மா, உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்த டிசம்பர் 26-இல் நம் நாட்டில் 68 பேர் போனார்கள். இலங்கையில் 30,000-க்கும் மேல். அறுகம்பையும் பொத்துவிலும் அன்று அழிந்து, மறுபடி எழுந்த ஊர்கள். அங்குள்ள அம்மாக்களும் உங்களைப்போல் பயந்தவர்கள்தான். இன்று அவர்கள் பிள்ளைகள் அதே கடலில் மீன் பிடிக்கிறார்கள், சர்ஃபிங் சொல்லிக் கொடுக்கிறார்கள். மகளிடம் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: நிலம் நெடுநேரம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, மூட்டையை எடுக்க நிற்காமல் கரையை விட்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

அன்றாட ஆபத்து சுனாமி இல்லை, நீச்சல் தெரியாமல் இறங்குவது. அனுப்பவா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நான் கேட்பது: அவளுக்கு நீந்தத் தெரியுமா? நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஆற்றங்கரைக்கே விடாமல் வளர்த்தோம், அதற்கும் காரணம் இருந்தது. ஆனால் பலகையை நம்பிக் கடலில் இறங்க முடியாது. கயிறு அறுந்தால் அவள்தான் நீந்தி வர வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்துகிறாளா, ஆழத்தில் பத்து நிமிடம் மிதக்கிறாளா என்று நீங்களே குளத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் இந்த வருடம் நீச்சல் வகுப்பு, அடுத்த வருடம் பயணம். இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். இதை அவள் உங்களுக்கு வாயால் சொல்லிக் காட்டட்டும். இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். அந்த எண்ணை நீங்களும் எழுதி வையுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி: அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் உங்களுக்கே தெரியும். பெண்களுக்குத் தனி அறை, தினம் இரவு ஒரு போன், அவ்வளவு போதும். பொத்துவில் முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் அடக்கமான ஊர்; கடற்கரையை விட்டு டவுனுக்குள் போகும்போது தோளும் காலும் மறையும் உடுப்பு போடச் சொல்லுங்கள். தண்ணீரிலும் நீண்ட கையும் நீண்ட காலுமாகப் போடுவது வெயிலுக்கும் பாறைக்கும் நல்லது.

23 வயதில், சொந்தச் சம்பளத்தில், உங்களிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். அனுப்புங்கள் அம்மா.

கேள்வி: என் மகனும் சேக்காளிகளும் ஜூலையில் அறுகம்பை போகிறார்கள். எனக்கு 66 வயது, பால்மரம் வெட்டி ஓய்ந்தவன். கதிர்காமம் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர்களோடு ஒட்டிக்கொண்டு போனால் இடைஞ்சலாக இருக்குமா?
– வாசகர், லூனாஸ்

பதில்: ஐயா, நீங்கள் போவதுதான் அந்தப் பயணத்துக்குச் சிறப்பு. காலமும் சரியாகப் பொருந்துகிறது. கதிர்காமத் திருவிழா ஜூலை, ஆகஸ்டில் வரும். அதற்காக யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்தே அடியார்கள் கிழக்குக் கரையோரமாக நடந்து வருவார்கள். பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயிலில் கூடி, அங்கிருந்து குமண, யால காட்டுக்குள் நடந்து கதிர்காமம் சேர்வார்கள். உகந்தைக் கோயில் கடலோரப் பாறையடியில் இருக்கிறது. அந்தக் கரையிலும் சர்ஃபர்கள் அலை பிடிக்கிறார்கள். காலையில் மகன் கடலில் இறங்கட்டும், நீங்கள் சந்நிதியில் உட்காருங்கள். இருவருக்கும் ஒரே வண்டிச் செலவு.

காட்டு நடை உங்களுக்கு வேண்டாம். பல நாள் வெயிலிலும் மணலிலும் நடப்பது. சாலை வழியாகப் போங்கள்: பொத்துவிலிலிருந்து மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம். புத்தலைக்கு அப்புறம் வரும் சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தின்பண்டம் கேட்கும். பழக்கிவிட்டது மனிதர்கள்தான், நீங்கள் எதையும் கொடுக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அதனால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டோ வேண்டாம், ஓட்டுநரோடு ஒரு வேன் பேசுங்கள். மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போவது வழக்கம். அங்கே கருவறையில் திரைதான் தொங்கும், விக்கிரகத்தைக் காட்டமாட்டார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை நடக்கும். பத்து மலையில் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிதாக இருக்கும்.

திருவிழாக் காலத்தில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம். விடியற்காலையிலேயே அறுகம்பையிலிருந்து புறப்படுங்கள்; மாலைப் பூசையும் பார்க்க ஆசையென்றால் ஓர் இரவுக்கு மடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாற்று வேட்டி, இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் சீட்டு மூன்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.